படகில் இரண்டு பிரெண்டன்

தேம்ஸ் படகு புறப்படுமுன் ஒலிபெருக்கியில், "உங்கள் கப்டன் பிரெண்டன்" என்று ஒரு குரல் வந்தது. பக்கத்தில் இருந்த பெரியப்பா நிமிர்ந்தார். அவருடைய பெயரும் அதுதான். எனக்கு மன்னார்க் கரையில் புது வள்ளத்துக்குப் பூசிய தார் நினைவில் மணத்தது.

அந்தப் பெயரை வைத்தவர் எங்கள் பங்குக் கோயிலில் இருந்த அயர்லாந்துச் சுவாமியார். பிரெண்டன் என்பவர் தோல் படகில் பெருங்கடலில் போன அயர்லாந்துப் புனிதராம். அதனால் ஊரில் யார் வள்ளம் செய்தாலும் பெரியப்பாதான் முதலில் ஏறவேண்டும். வெள்ளை வேட்டியும் செபமாலையுமாக வந்து, மணலில் நிற்கும் வள்ளத்தில் ஏறிச் சிலுவை அடையாளம் போடுவார். பிள்ளைகள் நாங்கள் மெல்ல விளிம்பை அசைப்போம். அவ்வளவுதான், முகம் வெளிறி, வாயைப் பொத்திக்கொண்டு குதிப்பார். தண்ணீரில் அவர் ஒரு நாளும் வள்ளம் ஏறியதில்லை. சைக்கிள் கடைதான் வைத்திருந்தார்.

எண்பது வயதில், என் மகளின் ஆசைக்காக இன்றுதான் துணிந்திருந்தார்.

"கப்டனுக்கும் உங்கட பேர்தான், பெரியப்பா" என்றேன்.

அவர் ஊன்றுகோலைத் தேடினார். "அப்ப நான் இறங்கப் போறன், பிள்ளை. அந்தப் பேர்க்காரரை எனக்கு வடிவாத் தெரியும்."