பத்து மீட்டர் நாடாவும் ஒரு மரியாதைச் சொல்லும்

அடுத்த வீட்டுத் தம்பதிக்கு அமெரிக்க விசா கிடைத்தது. அவர்களுடைய நாய்க்குக் கிடைக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் இப்படி நிறைய நாய்கள் வீடு மாறின. பாதி லாப்ரடாரும் மீதி சிவாஜிநகர்த் தெருவுமாக இருந்த அந்தப் பிராணி எங்களிடம் வந்து சேர்ந்தது. வந்த புதிதில் சாப்பிடாமல் கேட் அருகிலேயே படுத்து, தெருவில் போகும் ஒவ்வொரு காருக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தது. என் மனைவிதான் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சோற்றைக் கையால் ஊட்டினாள். எனக்கு ஒருநாளும் அவள் அப்படி ஊட்டியதில்லை.

காக்ஸ் டவுனில் நாங்கள் இருந்தது வாடகை வீடு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். முன்பக்கத்தில் அவர் இருந்தார், பின்பக்கத்தில் நாங்கள். நடுவில் கிறிஸ்துமஸுக்காக அவர் வளர்த்துவந்த வான்கோழி. ஒருநாள் நாய் அதைத் துரத்த, அது தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. நான் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு நாய் திரும்பியே பார்க்கவில்லை.

"துரத்துறது நாயோட குணம் மேன், அதை நான் தப்பு சொல்லல," என்றார் வீட்டுக்காரர். "ஆனா கூப்பிட்டா வரணும். கிறிஸ்துமஸுக்குள்ள வரலைன்னா வேற இடம் பாத்துடுங்க. நாய்க்குச் சொல்றேன், உங்களுக்கு இல்ல."

மனைவி அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. "இன்னொரு வீடு மாத்துனா அது தாங்காதுங்க," என்றாள்.

எனக்கு எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் புத்தகம் வாங்குவேன். நடைபாதைக் கடையில் நாய்ப் பயிற்சி பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அதன் சாரம் இது: நீளமான வாரில் நாயைக் கட்டி வெட்டவெளியில் விடு, ஒரே ஒரு முறை கூப்பிடு, வராவிட்டால் வாரை மெல்ல இழு, வந்ததும் தின்பண்டம் கொடு. அதன் பிறகு மலையேற்றத்துக்கும் அழைத்துப் போகலாம். புத்தகத்தை எழுதியவர் புல்வெளிகள் உள்ள நாட்டுக்காரர். எங்களுக்கு வாய்த்த மைதானத்தில் ஒரே சமயத்தில் நாலைந்து கிரிக்கெட் மேட்ச் நடக்கும்.

அந்தக் காலத்தில் நாய்ச் சாமான் கடையில் இரும்புச் சங்கிலியும் ஒரு முழத் தோல்வாரும்தான் கிடைக்கும். எனவே சிக்பேட்டைப் பக்கம் ஒரு கயிற்றுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தமிழர்.

"என்ன கட்டணும் சார்? மாடா, மோட்டரா?"

"நாய். பத்து மீட்டர் வேணும்."

"நாய்க்குப் பத்து மீட்டரா? அது மைசூர் வரைக்கும் போகுதா சார்?"

பருத்திக் கயிறு கைக்கு இதமாக இருந்தது. ஆனால் பனிப்புல்லில் நனைந்தால் ஈரப் போர்வை போலக் கனக்கும். தேங்காய்நார் என் உள்ளங்கைக்கு ஒத்துவராது. அது பேனா பிடித்த கை. கடைசியில் மெல்லிய நீல நைலான் கயிறு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதைத் தோளில் சுற்றிக்கொண்டால் இமயமலைக்குப் போகிறவன் போலத் தெரியும் என்பது தவிர வேறு காரணம் கிடையாது. முதல் நாளே நாய் ஒரு பந்தின் பின்னால் ஓடியது. கயிறு என் விரல்களின் நடுவே சூடாக உருவிக்கொண்டு போனது. ஒரு வாரம் ஸ்பூனால் சாப்பிட்டேன்.

இரண்டாவது தடவை புத்தி வந்தது. ஸ்கூல் பையின் தோள்பட்டைக்குத் தைப்பார்களே, அந்தத் தட்டை நாடாவில் பத்து மீட்டர். வழுக்காது, கையை அறுக்காது, நனைந்தாலும் சீக்கிரம் காயும். நாய் சுற்றினால் தானும் சுற்றுகிற கொக்கியை ஒரு முனையில் தைக்க வைத்தேன். கழுத்துப் பட்டையில் மாட்டினால் இழுக்கும்போது தொண்டை நெரியும் என்பதால், நெஞ்சைச் சுற்றி ஒரு கச்சையும் தைத்தாயிற்று. உபகரணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தினமும் விடியலில் மைதானத்தில் நின்று "கம்! கம் ஹியர்!" என்று கத்தினேன். நாயோடு ஆங்கிலத்தில்தான் பேசவேண்டும் என்று ஏன் நினைத்தேனோ தெரியாது. ஆபீசில் மேலாளரிடம்கூட நான் அவ்வளவு ஆங்கிலம் பேசியதில்லை. நாய் நின்று, என்னைப் பார்த்து, யோசித்து, எதிர்த்திசையில் போகும்.

டிசம்பர் தொடங்கியது. இடம் மாறினால் குணம் மாறலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கனகபுரா ரோட்டுக்கு அப்பால் உள்ள பாறைக் குன்றுக்குப் போனோம். மனைவியும் வந்தாள். பாதி ஏறியதும் தூரத்தில் ஆடுகள் தெரிந்தன. நாய் பாய்ந்தது. நாடாவின் முனையைக் காலால் மிதி என்று புத்தகம் சொல்லியிருந்தது. மிதித்தேன். நாடா போயிற்று, நான் உட்கார்ந்த நிலையில் கொஞ்ச தூரம் கீழே வந்தேன். "கம்!" என்றேன். "கம் ஐ சே!" என்றேன். பிறகு நான் வட ஆற்காட்டுக்காரன் என்பது நினைவு வந்து, "டேய், வாடா இங்க!" என்றேன். எங்கள் பக்கம் அன்பு முற்றினாலும் கோபம் முற்றினாலும் அதே சொல்தான். நாய் இன்னும் இரண்டு பாறை தாண்டிப் போனது.

மனைவி டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, "இப்படி அதட்டுனா நானே வரமாட்டேனுங்க," என்றாள். பிறகு கொஞ்சம் இழுத்து, "வாங்க சாமி... வாங்க," என்றாள்.

நாய் திரும்பியது. நாடா பாம்பு போலப் பின்னால் நெளிய, நேராக வந்து அவள் மடியில் மூக்கை வைத்தது. அந்தப் பக்கம் ஏறிக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன், "ஆன்ட்டி, எங்களையா கூப்பிட்டீங்க?" என்றான். அவர்களுக்கும் இட்லி போயிற்று.

அவள் பொள்ளாச்சிக்காரி. அவர்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் கன்றுக்குட்டிக்கும் 'ங்க' உண்டு. வீட்டில் அவள் நாயை அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்பது தினமும் என் காதில் விழுந்ததுதான். அதை நான் பயிற்சி என்று நினைக்கவில்லை, பொள்ளாச்சி என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் நாய் பக்கம் நியாயம் இருந்தது. அவள் 'வாங்க' என்றால் தயிர்சோறு. நான் 'கம்' என்றால் பிடித்துக் கட்டி வீட்டுக்கு இழுத்துப் போவது. எது தேவலை?

மறுநாளிலிருந்து மைதானத்தில் நானும் "வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்தேன். சொல்வது எளிதல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதை கொடுத்தால் நாய்க்குத் தெரிந்துவிடுகிறது. முதல் நாள் பால்காரர் வந்தார். அடுத்த நாள் நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்று, "சொல்லுங்க," என்றார். மூன்றாவதாகத்தான் நாய்.

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு வீட்டுக்காரர் மைதானத்துக்கே வந்தார். "கொக்கியைக் கழட்டுங்க மேன். கயிறு இருந்தா என்ன டெஸ்ட்?"

கழற்றினேன். மனைவி வரவில்லை; பார்க்கத் தைரியமில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். நாய் ஆனந்தமாக மைதானத்தின் மறு எல்லைக்கு ஓடியது. அங்கே யாரோ பன் தின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு முறை கூப்பிடு என்கிறது புத்தகம். நான் மூன்று முறை கூப்பிட்டேன். முதல் 'வாங்க' கட்டளை. இரண்டாவது கோரிக்கை. மூன்றாவது, உண்மையைச் சொன்னால், கெஞ்சல். நாய் பன்னைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு காதுகள் பறக்க ஓடிவந்து என் முழங்காலில் மோதி நின்றது. என் பையிலிருந்த பிஸ்கட் முழுவதையும் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் குனிந்து, பிஸ்கட் தின்னும் நாயைப் பார்த்தார். பிறகு, "நாய் உங்களுக்கு அடங்கல மேன். நீங்கதான் நாய்க்கு அடங்கியிருக்கீங்க," என்றார். "எப்படியோ, ஒருத்தர் அடங்கினா போதும். இருக்கட்டும்."

இருந்தது. எங்களோடு இன்னும் இரண்டு வீடு மாறி, எங்களோடேயே கிழமாயிற்று. கடைசியில் காது முற்றிலும் போய்விட்டது. மனைவி இழுத்துக் கூப்பிட்டாலும் வராது. அறையின் அந்தப் பக்கத்தில் படுத்தபடி, நாங்கள் இருக்கிறோமா என்று மட்டும் பார்க்கும். நாங்கள்தான் எழுந்து போவோம்.