சாப்பிட்டு முடிக்கட்டும்

கட்டிய மனைவிக்கு ஐம்பது வயதில் விலங்கு மாட்டிப் பழக வேண்டியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் பிளசன்டன் என்ற ஊரில், எங்கள் வீட்டு அடுப்படியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வசந்தி மாவுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் கொடுத்தாள். “சீக்கிரம் மாட்டுங்க, சாம்பார் அடுப்புல இருக்கு” என்றாள். பயிற்சி வகுப்பில் பொம்மைக்கு மாட்டியபோது சுலபமாகத்தான் இருந்தது. இவளுக்கு வளையல் இடித்தது. வளையலை மேலே தள்ளி ஒரு கையைப் பூட்டிவிட்டு, சாவியை எங்கே வைத்தேன் என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு கணம் நின்று பார்த்தாள். “ஐ டோன்ட் ஈவன் வான்ட் டு நோ” என்று சொல்லிவிட்டுத் திரும்ப மேலே போய்விட்டாள். சாவி கிடைப்பதற்குள் சாம்பார் அடிபிடித்துவிட்டது.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த வேலையை விளக்குவது கஷ்டம். நம்மூரில் ஜாமீன் என்றால் தெரிந்தவர்கள் இரண்டு பேர் கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போடுவார்கள். ஆள் ஓடிவிட்டால் போலீஸ் தேடும், அல்லது தேடாது. இங்கே ஜாமீன் ஒரு வியாபாரம். மளிகைக் கடை மாதிரி அதற்கும் கடை உண்டு, பளபளக்கிற போர்டு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவனுக்காகக் கடைக்காரர் கோர்ட்டில் பொறுப்பேற்பார். கடைக்காரருக்கு அவனுடைய அம்மாவோ அக்காவோ வீட்டை ஈடாக எழுதிக் கொடுப்பார். அவன் வாய்தாவுக்கு வராமல் மறைந்துவிட்டால், கோர்ட் கொடுக்கும் கெடுவுக்குள் கடைக்காரர் ஆள் அனுப்பிப் பிடித்து ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அம்மாவின் வீடு போய்விடும். அப்படிப் பிடிக்கப் போகிற ஆளுக்குப் பெயில் என்ஃபோர்ஸ்மென்ட் ஏஜென்ட் என்று பெயர். போலீஸ் இல்லை, ஆனால் விலங்கு மாட்டலாம்.

நான் எப்படி இதில் வந்து விழுந்தேன் என்றால், வேறு எதிலும் விழ முடியவில்லை. மென்பொருள் வேலை போன பிறகு எத்தனையோ இடங்களில் அப்ளை பண்ணிப் பார்த்தேன். ஒரு பையன் என்னை இன்டர்வ்யூ செய்துவிட்டு, ‘உங்கள் எனர்ஜி பிடித்திருந்தது’ என்று எழுதியிருந்தான், வேலை கொடுக்கவில்லை. கடைசியில் ஹேவர்டில் ஒரு ஜாமீன் கடையில், மறைந்துபோனவர்களைக் கம்ப்யூட்டரில் தேடும் வேலை கிடைத்தது. பழைய முகவரி, புது ஃபோன், தங்கையின் கல்யாணப் படம் என்று துருவித் துருவி ஆள் எங்கே என்று சொல்லிவிடுவேன். நன்றாகவே செய்தேன் போலிருக்கிறது. வெளியே போய்ப் பிடிக்கும் ஆள் ஒருவர் வேலையிலிருந்து நின்றுவிட்டபோது, முதலாளியம்மா என்னைப் பார்த்து, “இருக்கும் இடத்தை நீதானே கண்டுபிடிக்கிறாய், நீயே போயேன்” என்றாள். வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நான் இல்லை. வகுப்புக்குப் போனேன், லைசென்ஸ் வாங்கினேன்.

விருதுநகரில் எங்களுடையது போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாத குடும்பம். அதை ஒரு பட்டம் மாதிரி சொல்லிக்கொள்வார்கள். சைக்கிள் திருடுபோனபோதுகூட அப்பா புகார் கொடுக்கவில்லை. “சைக்கிள் போனாப் போகுது, ஸ்டேஷனுக்கு யாரு போறது?” என்று ஒரு வருஷம் நடந்தே கடைக்குப் போனார். இப்போது அம்மா ஃபோனில் என்ன வேலை என்று கேட்டால், “கோர்ட் சம்பந்தப்பட்டதும்மா” என்கிறேன். தெரு முழுக்க நான் அமெரிக்காவில் கோர்ட் ஆபீசர். லிவர்மோர் கோவிலில் பார்க்கிறவர்களிடம் வசந்தி இன்னும் ஒரு படி மேலே போய், “செக்யூரிட்டி சைடுல கன்சல்டிங்” என்று சொல்லி வைத்திருக்கிறாள். அலுப்பாக இருக்கிறது. செய்கிற வேலையைவிட அதை மறைக்கிற வேலை பெரிதாக இருக்கிறது.

முதல் ஆள் மார்க்கோ. ட்ரேசியில் வீடு, அம்மா பிலிப்பைன்ஸ்காரர், பெயர் லூர்து, வீட்டை ஈடாக எழுதிக் கொடுத்தவர். மார்க்கோ அடிதடி வழக்கில் வாய்தாவுக்கு வராமல் மறைந்தவன். எனக்கு வேலை பழக்க அனுப்பப்பட்டவன் ரூடி, பல வருஷமாக இதே தொழிலில் இருக்கும் மெக்சிகோ வம்சத்துக்காரன். பகல் வெயிலில் ஆல்டமான்ட் மலையைத் தாண்டிப் போனோம். ரூடி பின்பக்க வேலியருகே நின்றுகொண்டான். நான் போய்க் கதவைத் தட்டினேன். திறந்த அம்மாள் என் இஸ்திரி போட்ட சட்டையை மேலும் கீழும் பார்த்தார். “அதற்குள் வீடு வாங்க ஆள் அனுப்பிவிட்டார்களா? இன்னும் கெடு முடியவில்லையே” என்றார். அந்தத் தெருவில் இந்திய முகத்தோடு கதவைத் தட்டுகிறவர்கள் எல்லோரும் வீடு பார்க்க வருகிறவர்கள்தான். இல்லை அம்மா, உங்கள் வீடு போகாமல் இருக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நான் விளக்க, அவர் குழம்பிப்போய், “சரி, வந்து சமையலறையைப் பார்” என்றார்.

வாசலுக்கு உள்ளே செருப்பும் ஷூவுமாக ஒரு குவியல் கிடந்தது. அதைப் பார்த்ததும் நான் தானாகக் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன். யோசித்துச் செய்யவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் செருப்புக் காலோடு நடக்க என் உடம்புக்குத் தெரியாது. காலுறையோடு சமையலறை வரை போய், “மார்க்கோ இருக்கிறானா?” என்று நான் கேட்டபோது பின்னால் தடதடவென்று சத்தம். மாடியில் இருந்தவன் வெறுங்காலோடு இறங்கி, குவியலில் முதலில் அகப்பட்ட என் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசல் வழியாகவே ஓடினான். நானும் ஓடினேன். சரளைக்கல் பாதையில் பத்தடி ஓடியிருப்பேன். பிறகு ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரூடிக்கு முதலில் சிரிப்பு, பிறகு கோபம். “ஒரு ஆளைப் பிடிக்கப் போகிறாய், ஷூவைக் கழற்றுகிறாய். அடுத்த தடவை பூவும் வாங்கிக்கொண்டு போ.” முதலாளியம்மா ஃபோனில் அதைவிடச் சுருக்கமாக, கெடு முடிவதற்குள் ஆள் வரவில்லையென்றால் நானும் வரவேண்டாம் என்றாள். எனக்கு வேலை போவதைவிட அந்தச் சமையலறைதான் கண்ணில் நின்றது. இரண்டு வேலை பார்த்து அந்த அம்மாள் வாங்கிய வீடு அது. என் காலுறையால் போகப்போகிறது.

மறுநாள் நான் மட்டும் போனேன். லூர்து அம்மாள் கதவைத் திறந்து, என் வீங்கிய காலைப் பார்த்து, உள்ளே போய் ஐஸ்கட்டி கொண்டுவந்தார். “அவனை அடிப்பாயா?” என்று கேட்டார். “மாட்டேன்.” “உனக்குப் பிள்ளை உண்டா?” “ஒரு பெண்.” அவ்வளவுதான் பேச்சு. மகனைக் காட்டிக்கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. வகுப்பில் ஈடு கொடுத்தவர்களை எப்படி நெருக்குவது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள், எல்லாம் மறந்துபோயிற்று. “பசித்தால் வீட்டுக்குத்தானே வருவான். வந்தால் கூப்பிடுங்கள்” என்று சொல்லி என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கெடுவுக்கு முந்தின நாள் மதியம் ஃபோன் வந்தது. குரல் மிகத் தணிவாக இருந்தது. “சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். சாப்பிட்டு முடிக்கட்டும்.” வைத்துவிட்டார். ட்ரேசி போலீசுக்கு முறைப்படி தகவல் சொல்லிவிட்டு அன்று காலையிலிருந்தே நானும் ரூடியும் ஊருக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தோம். தெருமுனையில் காரை நிறுத்தியதும் ரூடி கதவைத் திறந்தான். நான் அவன் தோளைப் பிடித்தேன்.

“சாப்பிட்டு முடிக்கட்டும், ரூடி.”

“இது என்ன ரெஸ்டாரன்டா?”

“சாப்பிடுகிறவனை எழுப்பக் கூடாது.”

“யார் சொன்னது?”

யார் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை. அத்தை இறந்த செய்தி வந்த மதியம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் வந்து சொன்னவரை அம்மா கையைக் காட்டி அங்கேயே நிறுத்திவிட்டு, உள்ளே போய் ரசம் ஊற்றினாள், மோர் ஊற்றினாள், இன்னும் கொஞ்சம் போடவா என்றுகூடக் கேட்டாள். அவர் கை கழுவித் துடைத்த பிறகுதான் அழுதாள். இதை ரூடிக்கு எப்படிச் சொல்வது? “ஓடிவிட்டால் என் பொறுப்பு” என்று மட்டும் சொன்னேன். அவன் என்னைக் கிறுக்கனைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் பின்பக்க வேலிக்குப் போனான். நான் வாசலுக்கு எதிரே நின்றேன். உள்ளே தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அந்த அம்மாள் இன்னொரு கை சோறு போட்டிருப்பார். எனக்குப் பயமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

கதவு திறந்தது. மார்க்கோ ஈரக் கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். பின்னால் அம்மா. என்னைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான். ஓடவில்லை. “வெளியே காத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கைகளைக் கொடுத்தான். மாட்டினேன். லூர்து அம்மாள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வீடு மிஞ்சியது, அதற்காக யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

ஜெயில் முன்வாசலில் இரண்டு இரும்புக் கதவுகள். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். ரூடி காரை நிறுத்தப் போயிருந்தான். நடுவில் இருந்த கூண்டு மாதிரியான இடத்தில் நானும் மார்க்கோவும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே நிறம், ஏறத்தாழ ஒரே உயரம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரி நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் மார்க்கோவைத் தாண்டி என்மேல் வந்து நின்றது. “சுவரைப் பார்த்து நில்” என்றான். என்னிடம்தான். லைசென்ஸை எடுக்கச் சட்டைப்பைக்குக் கை போனதும் அவன் எழுந்து கத்தினான். கையை அப்படியே உயர்த்தினேன்.

“அவர் இல்லை, நான்தான்” என்றான் மார்க்கோ, முதுகைத் திருப்பி விலங்கைக் காட்டி. “அவர் நல்ல மனுஷன். என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர்.”

அதிகாரி அவனை நம்பினான். உள்கதவு திறந்து மார்க்கோ போனான், திரும்பிப் பார்க்கவில்லை. அது மூடிய பிறகும் வெளிக்கதவு உடனே திறக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில், கையை இறக்கலாமா கூடாதா என்று தெரியாமல், நான் நின்றுகொண்டிருந்தேன்.