மைலேஜ் குறைந்த மாதங்கள்

எங்கள் வீட்டில் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மிளகாயும் நெல்லும் போடுகிறோம். வாடகை வண்டிக்குக் காத்துக் கிடக்காமல் மிளகாய் மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோகத்தான் என் வீட்டுக்காரர் அதை வாங்கினார். ஆனால் மிளகாய் வருடத்தில் சில மாதங்கள்தான். மற்ற நாட்களில் வண்டி சும்மா நிற்கக் கூடாது என்று, பெரியபட்டினத்து மீன் வியாபாரி ஒருவரிடம் பேசி, பாம்பனில் மீன் ஏற்றிப் பரமக்குடியில் இறக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டார். அந்த வியாபாரியை நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம்.

மீன் ஏற்றுகிற வண்டி நெடுநாள் நிற்காது என்று எல்லோரும் சொன்னார்கள். பெட்டியில் ஐஸ் உருகி, மீன் தண்ணீரும் உப்பும் சேர்ந்து தரைத் தகட்டில் தேங்கி, கீழே சேஸிஸ் வரைக்கும் இறங்கும். கழுவினால் போகிறது என்றார் அவர். கழுவத்தான் தண்ணீர் வேண்டுமே. எங்கள் ஊர் போர் தண்ணீரே உப்பு. கண்மாயில் தண்ணீர் கிடந்த வரைக்கும் கரையில் நிறுத்திக் கழுவினார். கண்மாய் வற்றியதும் வீட்டுக் குடத்தில் கை வைத்தார். குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாத கோடை அது. நான் வரிசையில் நின்று பிடித்து வந்த நல்ல தண்ணீரைத் தூக்கிப் போய் வண்டிக்கு அடியில் ஊற்றினார்.

"குடிக்கிற தண்ணியப் போயி வண்டிக்கு ஊத்துறீகளே, இது நல்லாருக்கா?" என்று கேட்டேன்.

"அதுவும் நம்ம வீட்டுல ஒரு ஆளுதான். அதுக்குன்னு ரெண்டு குடம் சேத்துப் பிடி" என்றார்.

அன்றைக்கு முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. அடுத்த முறை குழாயில் தண்ணீர் வந்தபோது இரண்டு குடம் சேர்த்துத்தான் பிடித்தேன். அதற்காக வரிசையில் வாங்கிய பேச்சு தனி.

கழுவினதற்குப் பலன் இல்லாமல் இல்லை. எங்களோடு மீன் ஏற்றத் தொடங்கிய வண்டிகளில் பல, தரை ஓட்டையாகி உடைக்கிற இடத்துக்குப் போய்விட்டன. எங்கள் வண்டிக்குத் தரைத் தகடு ஒரு முறை மாற்றினோம். எஞ்சினில் யாரும் கை வைத்ததில்லை. தேய்கிறது தேயும், அதை மாற்றுவோம், அவ்வளவுதான். வழியில் நின்று எங்களைத் தவிக்கவிட்டதில்லை.

என் வீட்டுக்காரருக்கு அதைவிடப் பெருமை மைலேஜில். ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில், டேங்க் வாய் வரைக்கும் நிரப்புவார். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனை லிட்டர் பிடித்தது என்று மனதுக்குள்ளேயே வகுத்துவிடுவார். இரவு சாப்பாட்டில் உட்கார்ந்ததும் "பதினாலு" என்பார். குழம்பைப் பற்றி ஒரு சொல் வராது. பதினாலு என்பது மட்டும் வரும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாம்பன் பாலத்தில் மேல்காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், அப்போது பதின்மூன்று. காற்றின் மேல் அவருக்குக் கோபம் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மிளகாய் மூட்டைக்குக் கயிறு போட்டு இறுக்கும்போது கயிறு அறுந்து, லோடின் மேலிருந்து அவர் கீழே விழுந்தார். வலது குதிகால் எலும்பு உடைந்தது. கட்டுப் போட்ட டாக்டர், பல மாதங்களுக்கு வண்டியைத் தொடவே கூடாது என்றார். மீன் வேலையை விட்டால் பாய் வேறு வண்டி பார்த்துவிடுவார் என்பதால், பக்கத்து ஊரிலிருந்து ஒரு டிரைவரைப் போட்டோம். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். இவரை அண்ணே என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுவார். அதிகம் பேசமாட்டார். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்.

முதல் முறை டேங்க் நிரப்பிய அன்றே என் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. "பத்துதான் வருது" என்றார். அடுத்த முறை அதுவும் வரவில்லை. கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு நாள் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தார். படுத்துக் கிடப்பவருக்கு வேறு வேலை என்ன இருக்கிறது? டிரைவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போனில் பாயிடம், "டீசல உறிஞ்சுறான் பாய்" என்றார். பங்கில் வேலை பார்ப்பவர்களிடம், அவன் கேன் கொண்டுவந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்றார். பங்குக்கு எதிரே இருந்த டீக்கடைக்கும் அது போனது.

அந்தப் பேச்சு டிரைவர் காதுக்கு எட்ட ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் மத்தியானம் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டு வாசலுக்கு வந்தார். வழக்கம்போல் சாவியைக் கையில் தராமல் ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"நான் எடுக்கலண்ணே" என்றார்.

இவர் ஸ்டூலில் நீட்டியிருந்த காலைப் பார்த்தார்.

"எடுக்கலன்னு நான் சொல்லிட்டேன். நீங்க நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நாளையில இருந்து வரமாட்டேன். வாரேன் மதினி."

அந்த மாதச் சம்பளக் கணக்கைக்கூடக் கேட்காமல் போய்விட்டார். பிறகு நான்தான் ஆள் விட்டுக் கொடுத்தனுப்பினேன்.

எனக்கு லைசென்ஸ் இருந்தது. களத்திலிருந்து வீட்டுக்கு மூட்டை கொண்டுவர ஆள் வேண்டும் என்று, வற்றிய கண்மாய்க்குள் வைத்து அவரேதான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். ஊரைத் தாண்டி ஓட்டியதில்லை. வேறு டிரைவர் கிடைக்கும் வரைக்கும் நான் ஓட்டுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் கூட வருவேன் என்றார்.

அப்படித்தான் நான் பாம்பன் பாலம் ஏறினேன். பக்கத்தில் அவர் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்ச விடு... மூணுல போடு... மிதிக்காத, மிதிக்காத" என்று வந்தார். பாலத்தின் உச்சியில் காற்று வண்டியைப் பிடித்து ஆட்டியபோது மட்டும் பேச்சு நின்றது. கரையில் மீன் வாங்கக் கூடையோடு நின்ற ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏத்தா, நீயா ஓட்டிட்டு வந்த?"

"ஆமா."

"அப்ப அங்கன உக்காந்திருக்கிறவரு?"

"மைலேஜ் பாக்க வந்திருக்காரு" என்றேன். அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்காது.

சில நடை முடிந்து டேங்க் நிரப்பினோம். அவர் மீட்டரைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், உதடு அசைந்தது. நான்தான் கேட்டேன்.

"எவ்வளவு?"

"ஒம்பதரை."

"அப்ப நானும் டீசல் உறிஞ்சுறனா?"

"உனக்கு ஓட்டத் தெரியல. கிளட்ச்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுற."

அடுத்த சில நாட்கள் கிளட்ச்சில் கால் படாமல், அவர் சொன்ன வேகத்தில், அவர் சொன்ன கியரில் ஓட்டினேன். எண் கூடவில்லை.

உச்சிப்புளியில் ஒரு நாள் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் கருகல் வாசனை வந்தது. டீக்கடை அடுப்பு என்று முதலில் நினைத்தேன். வண்டியைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் வாசனை அதிகம். கை வைத்தேன், சுட்டுவிட்டது. வலது சக்கரத்தைத் தொட்டால் லேசான சூடுதான். அவரைக் கூப்பிட்டேன். ஊன்றுகோலை ஊன்றி இறங்கி வந்து, அவரும் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். டீ ஆறிப்போனது.

பரமக்குடியில் மீனை இறக்கிவிட்டு, அங்கேயே ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டோம். அவர் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்து, உள்ளே பார்த்தார்.

"ஹேண்ட் பிரேக் வயரு துருப்பிடிச்சு உறைக்குள்ள இறுகிக் கெடக்கு. போட்டாப் பிடிக்குது, எடுத்தா முழுசா விடமாட்டேங்குது. பிரேக்கப் போட்டுக்கிட்டே ஓட்டுனா டீசல் குடிக்காம என்ன செய்யும்?"

என் வீட்டுக்காரர், "நான் ஓட்டும்போது இது இல்லையே" என்றார்.

"நீங்க ஹேண்ட் பிரேக் போடுவீகளா?"

"போடுறதே இல்ல. கியர்ல விட்டு நிப்பாட்டிருவேன். நம்ம ஊரு சமதரைதான."

"அப்பறம் எப்படி வரும்? அசையாமக் கெடந்தே இறுகிருக்கு. வேற யாரோ போட ஆரம்பிச்சிருக்காக."

டிரைவர் நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஹேண்ட் பிரேக் போடுகிறவர். அது எனக்கும் தெரியும். அவர் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தும்போது அந்தக் கரகர சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். வண்டி ஜாக்கியில் ஒரு பக்கம் தூக்கி நின்றது. நாங்கள் இரண்டு பேரும் பழைய டயர்கள் மேல் உட்கார்ந்திருந்தோம்.

"நீ எதுக்கு அதப் போட்ட?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"பாம்பன்ல ஏத்துற இடம் சரிவு. வண்டி கடலுக்குள்ள போறதுக்கா?"

அவர் தலையை ஆட்டினார். புது வயர் போட்டு, தேய்ந்த பிரேக் கட்டையையும் மாற்றிக்கொண்டு ஊர் திரும்பினோம். அடுத்த முறை டேங்க் நிரப்பிய அன்று இரவு அவர் எண்ணைச் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அந்தத் தம்பி இப்ப எங்கன ஓட்டுறான்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

டிரைவர் அப்போது இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மீன் ஏற்றப் போன ஒரு நாள், பாம்பனைத் தாண்டி நேரே இராமேஸ்வரம் போனோம். வேன் நிழலில் நின்றது. யாத்திரைக்காரர்கள் குளித்துவிட்டு வரும் வரைக்கும் அவர் உள்ளே உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இறங்கினார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "வண்டியிலதான் கோளாறு தம்பி. ஹேண்ட் பிரேக் பிடிச்சிருந்துச்சு. உன்னியச் சொன்னது தப்பு. திரும்ப வந்துரு."

டிரைவர் செய்தித்தாளை மடித்தார். அவசரப்படாமல் மடித்தார்.

"இங்கன வேல நல்லாருக்குண்ணே. வரல."

"சரி. மனசுல வச்சுக்காத."

"எங்கிட்டச் சொல்லிட்டீக, சரி. ஆனா எங்கிட்டவா மொதல்ல சொன்னீக? பாய்கிட்ட சொன்னீக, பங்குல சொன்னீக, டீக்கடையில சொன்னீக. எம் பொண்டாட்டிய ரேசன் கடையில வச்சு ஒருத்தி கேட்டாளாம், உம் புருசன் டீசல எங்க விக்கிறாருன்னு. அங்கனயெல்லாம் போயி இதச் சொல்லுங்க. அது போதும்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. யாத்திரைக்காரர்கள் ஈரத் துணியோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர் கதவைத் திறந்துவிடப் போய்விட்டார்.

எனக்கு இவர் செய்வாரா என்ற சந்தேகம் இருந்தது. போனில் முடித்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் பெரியபட்டினத்துக்கு ஓட்டச் சொன்னார். பாய் வீட்டு முற்றத்தில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

"அல்லா, அதுக்கா இந்தக் காலோட வந்தீங்க?" என்றார் பாய். "நான் அப்பவே நம்பலையே."

"நம்பலன்னா அன்னைக்கே என்னையத் திட்டிருக்கலாம்ல பாய்" என்றார் இவர். பாய் டீ கொண்டுவரச் சொன்னார்.

பங்கில் சொன்னபோது அவர்களுக்கு அந்த விஷயமே மறந்துபோயிருந்தது. எந்த டிரைவர் என்று கேட்டார்கள். மறந்தவர்களுக்கு முதலில் குற்றத்தை விளக்கிச் சொல்லி, பிறகு அது பொய் என்று சொல்ல வேண்டியிருந்தது. டீக்கடையில் பெஞ்சில் இருந்த ஒருவர் சிரித்தார். இவர் சிரிப்பு அடங்கும் வரைக்கும் நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னார். நான் வண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் ஊன்றுகோலோடு, யாரிடமோ பாடம் ஒப்பிப்பதுபோல் நின்றார். ரேஷன் கடைக்கு மட்டும் நான் போனேன். அங்கே கேட்ட பெண் யார் என்று தெரியாததால், வரிசையில் நின்ற எல்லோரிடமும் சொன்னேன்.

கால் இப்போது சரியாகிவிட்டது; குதிகாலில் கொஞ்சம் விறைப்பு மட்டும் உண்டு. வயல் வேலைக்கு அவர் ஓட்டுகிறார். பாம்பன் நடை எனக்கு என்று ஆகிவிட்டது. போன மாதம் ஒருவர் வந்து, நல்ல விலை தருகிறேன், பழைய வண்டியைக் கொடுங்கள் என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். மிளகாய் எடுக்கிற நேரத்தில் வண்டிக்கு எங்கே போவது என்று நான் சொன்னேன். வந்தவர் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.