நாற்பத்தேழாம் நம்பர் விளக்கு

சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்தில் சிவகாமசுந்தரியை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் கிடையாது. ஏலக்கடை சிவகாமி என்றால்தான் பஃபலோ ரோட்டில் ஆள் காட்டுவார்கள். கொஞ்சம் முசுடு. வாசல் பெருக்கும்போது யாராவது குறுக்கே வந்தால் கையை நிறுத்த மாட்டாள். காலோடு சேர்த்துப் பெருக்கிவிடுவாள். அழுக்கு என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்தக் குணம்தான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அதே குணம்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இன்னொருவர் குடியைக் கெடுக்கவும் பார்த்தது.

கல்யாணமாகி 1953-இல் கப்பலேறி வந்தவள். புருஷன் பரமசிவம் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஆறு வருஷம் கழித்து, மூட்டையும் கையுமாக ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அன்று படுத்த மனிதர் படுத்ததுதான். எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டும். கைக்குழந்தையாக லட்சுமி வேறு. அழுதுகொண்டிருந்தால் அடுப்பு எரியுமா? சிவகாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலை தேடக் கிளம்பினாள்.

கிடைத்தது இன்வெரீ கம்பெனி. ராபின்சன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர்களின் ஏலக்கடை, தலைமை ஆபீஸ் கிளாஸ்கோவில். ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் சேர்த்துவைத்த ஓவியம், தபால்தலை, நாணயம், பீங்கான், வெள்ளிச் சாமான் எல்லாம் அங்கேதான் ஏலத்துக்கு வரும். வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. ‘அடுத்து வரும் ஏலங்கள்’ என்று இங்கிலீஷில் தலைப்புப் போட்டு, கிளார்க் தனசேகரன் கீழே தேதிகளை எழுதிவைப்பார். சிவகாமிக்கு அந்த எழுத்து ஒன்றும் புரியாது. ஆனால் என்ன ஏலம் வருகிறதென்று செய்கிற வேலையை வைத்தே சொல்லிவிடுவாள். ஃபேனைப் போடாதே என்றால் தபால்தலை. ஈரத்துணி வேண்டாம் என்றால் ஓவியம். கைவளையலைக் கழற்றி வைத்துவிட்டு வா என்றால் பீங்கான். ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. ஒன்பது வருஷத்தில் எல்லாமே அவளுக்கு அத்துபடி.

வெண்கலத்துக்கு மட்டும் யாரும் ஒரு விதியும் சொல்லவில்லை. அதுவரை வெண்கலம் வந்ததே இல்லை.

1968-ஆம் வருஷம் பிறந்ததும், பிரிட்டிஷ் பட்டாளம் ஊரைக் காலி பண்ணப்போகிறது என்று செய்தி வந்தது. வெள்ளைக்காரர்கள் வீடு வீடாகச் சாமான்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். தனசேகரனின் பலகையில் எழுத இடம் போதவில்லை. அந்தக் குவியலில்தான், ஒரு கிழட்டுக் கேப்டன் எந்தக் காலத்திலோ தஞ்சாவூர்ப் பக்கம் வாங்கிய தூக்கு விளக்கும் வந்தது. மேலே ஒரு அன்னம், சங்கிலி, அகலமான அகல். விளக்கு முழுக்கப் பச்சைப் பச்சேலென்று களிம்பு. மேலாளர் கேமரன் துரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாற்பத்தேழாம் நம்பர் போட்டு, படம் பிடித்து, விலைப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் அச்சடித்து, எடின்பரோ வரைக்கும் அனுப்பினார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சாமான்களைப் பார்வைக்கு வைப்பார்கள். எடின்பரோ பணக்காரர் ஒருவர் அந்த விளக்கைப் பார்க்கவென்றே ஆள் அனுப்பியிருந்தார். ஏலம் சனிக்கிழமை.

வியாழன் சாயங்காலம் கூடத்தின் நடுவில் விளக்கைத் தொங்கவிட்டார்கள். சிவகாமி பார்த்தாள். சாமிக்கு முன்னால் எரிந்த விளக்கு! நாலு பேர் பார்க்க, அதுவும் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, களிம்பேறிப்போயா நிற்கும்? எந்த வீட்டுப் பொம்பிளையாவது பொறுப்பாளா? இந்த ஆபீஸில் இருக்கும் ஒரே பொம்பிளை அவள்தானே. ஊர் என்ன சொல்லும்?

மறுநாள் விடிந்ததும் ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளியல்ல, கைப்பிடி புளியை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பக்கவாசல் கதவைத் திறந்துவிட்டவர் அப்துல் அஜீஸ். நாகூர்க்காரர், ராத்திரி காவல் அவர் வேலை. கூடத்துச் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கும். மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து மாதிரி அறை, அதில் ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய். அவ்வளவுதான் சிங்கப்பூரில் அவருடைய சொத்து.

“வாங்கக்கா. நான் குளிச்சிட்டு முக்குக் கடையில டீ குடிச்சிட்டு வர்றேன்.”

“போயிட்டு வாங்க பாய். நான் பாத்துக்குறேன்.”

அவர் தலை மறைந்ததும் விளக்கைக் கழற்றினாள். பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து புளியைக் கரைத்து ஊறவைத்தாள். பக்கத்துச் சீனன் கடை அடுப்பிலிருந்து சாம்பல் வாங்கிவந்தாள். தேய் தேய் என்று தேய்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று, தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஆனால் அந்த அன்னம் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாக வெளியே வந்தபோது அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! துடைத்து, பழையபடி கொக்கியில் மாட்டி, எட்ட நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு வாசல்படி கழுவப் போய்விட்டாள்.

டீ குடிக்கப் போன அப்துல் அஜீஸ் திரும்பி வந்து நேரே தன் அறைக்குப் போய்விட்டார். எட்டு மணிக்குத் துரையும் தனசேகரனும் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரே கூச்சல். சிவகாமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகவே உள்ளே ஓடினாள். துரைக்குப் பிடித்துப்போய்விட்டது என்றே நினைத்தாள், பைத்தியக்காரி.

துரையின் முகம் சிவந்து கிடந்தது. எதிரே அப்துல் அஜீஸ் நின்றார்; அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“என்னாச்சு தம்பி?” என்று தனசேகரனைக் கேட்டாள்.

“என்னாச்சா? பழைய வெளக்கத் தூக்கிட்டு, அதே மாதிரி புதுசு ஒண்ணச் செஞ்சு மாட்டிட்டாரு லா, இந்தப் பாய். பாருங்க, பளபளன்னு நேத்துப் பட்டறையில அடிச்ச மாதிரி! சாவி இவரு ஒருத்தர்கிட்டதான இருக்கு? போலீஸுக்கு போன் பண்ணியாச்சு.”

தனசேகரனும் தமிழ் வீட்டில் பிறந்தவர்தான். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் அம்மா ஏற்றும் விளக்கு எப்படி மின்னுகிறது என்று ஒரு நாளாவது யோசித்திருப்பாரா? குளித்து விபூதி பூசிக் கும்பிட வருகிற ஆம்பிளைக்கு விளக்கு தானாகவே மின்னும்.

சிவகாமி சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் அடுத்ததைப் போட்டார்: “அந்தப் பச்சைக்குத்தான்கா வெலையே. நூத்துக்கணக்கான வருஷமா ஏறுன பச்சை. அத ஒருத்தன் தொட்டிருந்தாக்கூட, அன்னியோட அவனுக்கு இந்த ஆபீஸுல வேலை கெடையாது.”

திறந்த வாய் மூடிக்கொண்டது.

படுக்கையில் கிடக்கிற பரமசிவம் கண்முன் வந்தார். லட்சுமியின் பள்ளிச் சீருடை வந்தது. பட்டாளம் போனால் ஊரில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்று தேக்கா முழுக்கப் பேச்சாயிருந்த நேரம் அது. இந்த வயதில் இன்னொரு வேலைக்கு எங்கே போவாள்? வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவள் போல நின்றாள். எப்படியும் உண்மை தெரிந்துவிடும், பாயை விட்டுவிடுவார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எப்படித் தெரியும்? அவள் சொன்னால்தானே தெரியும்! அதுவும் அவளுக்குப் புரிந்துதான் இருந்தது.

“நான் தொடல சார். அல்லா மேல ஆணையா நான் தொடல,” என்றார் அப்துல் அஜீஸ். சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

துரை பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். பாயே அதைத் தூக்கிவந்து கூடத்தின் நடுவில் வைத்துத் திறந்தார். இரண்டு கைலி, ஒரு தொழுகைத் தொப்பி, ஊருக்கு அனுப்ப வாங்கிய சின்னப் பையன் சட்டை ஒன்று. தனசேகரன் ஒவ்வொன்றாக உதறிப் போட்டார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

பெட்டியின் அடியில் நூல் கட்டிய கடிதக்கட்டு இருந்தது.

“அது என் வீட்டுக் கடுதாசி சார். அது வேணாம்,” என்று பாய் கையை நீட்டினார். முதல் தடவையாக அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

“வெளக்க வாங்குறவன் எழுதுனதாக்கூட இருக்கலாம்,” என்று தனசேகரன் மேலே இருந்ததைப் பிரித்தார். தமிழில் உரக்கப் படித்து, துரைக்கும் புரியவேண்டும் என்று இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார்.

“‘ஆமினா பீவி எழுதிக்கொண்டது. தாங்கள் இந்த வருஷமும் வரமாட்டீர்கள் என்று தெரிந்துகொண்டேன். மகன் தங்கள் போட்டோவைப் பார்த்து இது யாரென்று கேட்கிறான். வாப்பா என்று நான் சொன்னால் நம்புகிறானில்லை. இரவில் நான் தங்களை நினைத்து...’”

“நிறுத்து!”

கத்தினது தான்தான் என்று சிவகாமிக்குச் சற்று நேரம் தெரியவில்லை.

“நிறுத்துடா, படுபாவி! அடுத்தவன் பொண்டாட்டி எழுதுன கடுதாசிய நாலு பேரு முன்னாடி படிக்கிறியே, நீ மனுசனா? வெளக்க யாரும் திருடல. நான்தான் வெளக்குனேன். புளி போட்டு நான்தான் வெளக்குனேன்.”

துரையின் பக்கம் திரும்பி, தெரிந்த சந்தை மலாயில், தேய்க்கிற மாதிரி கையைக் காட்டிச் சொன்னாள்: “சயா சூச்சி, துவான். சயா சூச்சி.” நான் கழுவினேன், துரை, நான் கழுவினேன்.

துரை நம்பவில்லை. தனசேகரனும் நம்பவில்லை. “பாவம் பாத்துப் பொய் சொல்லாதீங்கக்கா. போலீஸ் ஒங்களையும் சேத்துப் புடிக்கும். அத்தனை பச்சை எப்பிடிப் புளியில போகும்?”

சிவகாமி விளக்கை எட்டிக் கொக்கியிலிருந்து இறக்கினாள். அன்னத்தின் வயிற்றுக்கு அடியில், அவள் விரல் எட்டாத இடுக்கில் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. அதைத் துரையின் மூக்குக்கு நேரே காட்டினாள். மடியிலிருந்த மிச்சப் புளியை எடுத்து எச்சில் தொட்டுக் குழைத்து, ஒரு குச்சியால் இடுக்கில் விட்டு அழுத்தித் தேய்த்தாள். பச்சை கரைந்து வழிந்தது. மஞ்சள் எட்டிப் பார்த்தது. துரை ஐயோ என்று அலறி அவள் மணிக்கட்டைப் பிடிப்பதற்குள் அந்தக் கடைசிப் பச்சையும் போய்விட்டது.

கேமரன் துரை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். விலைப் புத்தகத்தைப் பிரித்துப் படத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். அகலின் விளிம்பில் இருந்த நசுங்கல் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தனசேகரனிடம் என்னவோ சொன்னார். தனசேகரன் தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார்: “வெண்கலத்த என்ன செய்யக்கூடாதுன்னு ஆபீஸு ஒங்ககிட்டச் சொல்லலையாம். தப்பு ஆபீஸோடதாம். ஒங்கள வேலைய விட்டு நிறுத்தலையாம்.”

வந்த போலீஸ்காரரை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். துரை எழுந்துபோய், மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு அப்துல் அஜீஸிடம் கையை நீட்டினார். பாய் அந்தக் கையைப் பார்த்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து அதில் வைத்தார். அப்புறம் தரையில் கிடந்த கைலியையும் சட்டையையும் மடித்து வைத்தார். கடிதத்தைப் பழையபடி நூலில் கட்டினார். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

சிவகாமி சந்துக்குள் பின்னாலேயே ஓடினாள்.

“பாய்! பாய், நில்லுங்க. அதான் சொல்லிட்டேன்ல? ஒங்க மேல தப்பில்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சுல்ல? எங்க போறீங்க?”

அவர் நின்றார். கோபமாகக்கூட இல்லை.

“பெட்டியத் தொறக்கச் சொன்னப்பவே ஒங்களுக்குத் தெரியுமாக்கா?”

இல்லை பாய், பதற்றத்தில் அப்போது எனக்கு எதுவுமே விளங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார். நல்ல மனிதர். சிவகாமிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“தெரியும் பாய்.”

அப்துல் அஜீஸ் பெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு ராபின்சன் ரோட்டுப் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு அவரைத் தேக்காவில் பார்த்ததாக யாரும் அவளிடம் சொல்லவில்லை.

சிவகாமி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பத்து மணிக்குப் பார்வையாளர்கள் வந்துவிடுவார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கூடத்தைப் பெருக்கத் தொடங்கினாள். எந்த வேலைக்காக வாயை மூடிக்கொண்டு நின்றாளோ, அந்த வேலை அவளிடமேதான் இருந்தது.