பூசை முடியாத வீடு

அப்பாவின் கண்ணுக்கு ஆட்கள் தெரியத் தொடங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு, தவக்காலத்துக்குச் சற்று முன்பு. அது அதற்கு முந்தின ஆண்டு என்பாள் என் தங்கை. அப்படி இருக்க முடியாது. அரிசி கிடைக்காமல் நாங்கள் கம்பங்கூழுக்கு மாறிய பிறகு நடந்தது அது. "இவங்களுக்கு வெறும் கூழ்தானா?" என்று முதல் நாளே அவர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வரதராஜன்பேட்டை மாதா கோயிலில் அப்பா வெகுகாலம், ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தவர். அந்த நாளில் பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து முந்திரிக்காட்டு வழியே இருட்டோடு நடந்து வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது கண் இருட்டி நிற்பார்கள். எங்கள் வீடு கோயிலை ஒட்டி இருந்தது. அவர்கள் எங்கள் கூடத்துச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, கூழோ கஞ்சியோ குடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். வெளியூர் ஆட்கள் எல்லாரும் எழுந்த பிறகே அப்பாவும் நாங்களும் சட்டியைத் தொடுவோம். அம்மா இருந்தவரைக்கும் அந்த வழக்கம் நடந்தது. அம்மா போன பிறகு, வந்தவர்கள் தாங்களாகவே வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். தங்கையை மீன்சுருட்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. வீட்டில் அப்பாவும் நானும்தான்.

நான் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். காலையில் கூழ் கரைத்து வைத்துவிட்டுப் போவேன். ஆட்கள் தெரிந்த அந்த முதல் நாள் மத்தியானம் வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருந்தது.

"ஏம்பா குடிக்கல?"

"எப்புடிடா குடிக்கிறது? அவங்கல்லாம் குந்தியிருக்காங்கல்ல."

சுவரோரம் யாரும் இல்லை. சொன்னேன்.

"மெதுவாப் பேசு, காதுல வுழப்போவுது" என்றார். பூசை இன்னும் முடியவில்லையாம். கோயிலுக்குள் இடமில்லாமல் இங்கே வந்து காத்திருக்கிறார்களாம். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. எல்லாரும் பட்டினி.

அவருக்கு எடுத்துச் சொன்னால் புரியும் என்று நம்பினேன். நான் நிறையப் படிக்கிறவன். எதையும் காரணம் காட்டி விளக்கிவிட முடியும் என்று எண்ணம். அவர் கையைப் பிடித்துச் சுவர் நெடுக நடத்திக்கொண்டு போய்த் தடவிப் பார்க்கச் சொன்னேன். அவர் கால்களை ஒதுக்கி ஒதுக்கி வைத்து, யாரையும் மிதித்துவிடாமல் நடந்தார். மூலைக்கு வந்ததும் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "படிச்ச பையன். மரியாதை தெரியாது. மனசுல வச்சுக்காதீங்க."

இருட்டிய பிறகு அவர்களை மறந்துவிடுவார். அப்போது கொஞ்சம் உள்ளே போகும். பகலில் ஒன்றும் இல்லை. இடுப்பில் வேட்டி நிற்காமல் நழுவியது. இப்படியே போனால் தவக்காலம் முடிவதற்குள் அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோக நேரும் என்று பயந்தேன்.

பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அவரே வீட்டுக்கு வந்து, நோயாளிக்கும் வயசாளிக்கும் ஒருசந்தி விரதம் கட்டாயமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம் என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா கைகூப்பினார். "எனக்குச் சரிங்க சாமி. அவங்களுக்கு?"

சாமியார் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுக்காரம்மா, "செத்தும் கரையேறாம உத்தரிக்கிற ஆத்துமாங்கதான் வந்து குந்துது வாத்தியாரே, ஒரு பூசை வச்சுடுங்க" என்றாள். பூசையும் வைத்தேன். அதற்குப் பிறகு அவள் நெருப்பு வாங்கக்கூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மெல்ல மெல்லத் தெருவே வருவதை நிறுத்தியது.

தங்கை வந்து தங்கிய சில நாட்களில், வீட்டிலிருந்த கிண்ணத்தையெல்லாம் எடுத்துச் சுவரோரம் வரிசையாகக் கூழ் ஊற்றி வைத்தாள். "எல்லாருக்கும் குடுத்தாச்சு, நீங்க குடிங்கப்பா."

அப்பா ஒவ்வொரு கிண்ணமாகக் குனிந்து பார்த்தார். "ஒருத்தரும் கை வைக்கலையேம்மா. பூசை முடியல போலருக்கு."

அவள் அடுக்களைக்குள் போய் அழுதாள். கூழ் மாட்டுத் தொட்டிக்குப் போனது. மறுவாரம் அவளைக் கூட்டிப்போக அவள் வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

அவள் போன பிறகு ஒரு மத்தியானம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த எனக்குப் பசி தாங்கவில்லை. பேச்சுக் கொடுக்கவும் தெம்பில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் அப்படியே உட்கார்ந்து குடிக்கத் தொடங்கினேன். அப்பா என்னை உற்றுப் பார்த்தார்.

"பூசை முடிஞ்சிருச்சுங்களா?"

நான் நிமிர்ந்தேன். அவர் முகத்தில் என்னைத் தெரிந்த அடையாளம் எதுவும் இல்லை.

"முடிஞ்சுதுங்க ஐயா" என்றேன்.

"நீங்க எந்த ஊரு?"

"தா.பழூருங்க."

"ரொம்பத் தூரமாச்சே. நல்லாக் குடிங்க. வெங்காயம் கடிச்சுக்கிறீங்களா?"

எழுந்து போய் வெங்காயம் எடுத்து வந்து தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றார். பிறகு போய்த் தன் கூழைக் கையில் எடுத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அன்றிலிருந்து பகலில் நான் வெளியூர்க்காரன் ஆனேன். ஊர்களை மாற்றிச் சொன்னேன். மழை உண்டா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று விசாரிப்பார். என்னிடம் அவர் அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. "எனக்கு ஒரு பையன் இருக்கான், வாத்தியாரு" என்று ஒரு நாள் சொன்னார். நல்ல பையனா என்று கேட்டேன். "பரவால்லைங்க" என்றார். உடம்பு கொஞ்சம் தேறியது.

தவக்காலம் கழிந்து பாஸ்குத் திருநாளும் முடிந்த வாரத்தில், அவர் முகம் தெளிவாக இருந்த ஒரு மத்தியானம், அவர் கூழைக் கையில் எடுத்த பிறகு சொன்னேன்: "அப்பா, நான்தாம்பா. ஒங்க பையன்."

நெடுநேரம் பார்த்தார். கண்ணில் அடையாளம் வந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"ஏண்டா, வந்தவங்க பட்டினியாக் குந்தியிருக்காங்க, வூட்டு ஆளு நீ முந்திக்கிட்டுக் குடிக்கிற?" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த கூழைக் கீழே வைத்துவிட்டார். அதன் பிறகு அன்று பகல் முழுவதும் அதைத் தொடவில்லை.

மறுநாள் கொல்லைப்பக்கமாக வராமல், வெளியூர்க்காரனைப் போலத் தெருவாசல் வழியாக வந்தேன். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன். எந்த ஊர் என்று கேட்டார். தா.பழூர் என்றேன்.