சாமி படம் போட்ட கவர்

பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள் என்று வண்ணார்பேட்டையில் நான் கெஞ்சாத டீக்கடை கிடையாது. ஒருவரும் கேட்டதில்லை. மூலையை வெட்டிப் பாலை ஊற்றிவிட்டு, வெட்டின துண்டை ஒரு பக்கமும் கவரை ஒரு பக்கமும் எறிந்து, மூன்று நாள் சாக்கில் புளிக்கவிடுவார்கள். நாலாம் நாள் போன் வரும். "அண்ணாச்சி, நாத்தம் தாங்கல, சட்டுனு வந்து அள்ளிட்டுப் போங்க." நாற்றம் என்னவோ நான் கொண்டுபோய் வைத்தது போல.

இந்தச் சாக்குகளில்தான் என் பிழைப்பு. பழைய கவர்களைத் தரம் பிரித்து, கழுவி, காயவைத்து, வெட்டி, உருக்கிக் குருணையாக்கி, அதை மறுபடி உருக்கிக் கறுப்பு ஷீட்டாக ஊதி எடுக்கிற சின்னப் பட்டறை. சேரன்மகாதேவி போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை. நெல் மூட, செங்கல் சூளை மூட, ஒழுகுகிற ஓட்டின் மேல் விரிக்க என்று மழை இருட்டினால் எல்லோருக்கும் என் ஞாபகம் வரும். மழை விட்டால் போச்சு. என் சொந்தக்காரர்களுக்கு மழையிலும் வராது. பாதிப்பேர் பாளையங்கோட்டையில் ஆபீஸ் உத்தியோகம், மீதிப்பேர் வாத்தியார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது, "தம்பி என்ன பண்ணுதாப்ல?" என்று கேட்டால், என் மாமா, "பிளாஸ்டிக் லைன்ல இருக்காப்ல" என்று சொல்லிவிட்டு அவசரமாகச் சாம்பார் வாளியைக் கூப்பிடுவார். குப்பை என்ற சொல் அவர் வாயில் வராது. குப்பைதான். அதில் எனக்கென்ன வெட்கம்?

எனக்கு உள்ள கோபமெல்லாம் ஷீட் ஊதுகிற அந்த மெஷின் மேல்தான். உருகின பிளாஸ்டிக் வட்டமான வாய் வழியே காற்றோடு மேலே எழும்பி, கூரை உயரத்துக்கு ஒரு கறுப்பு பலூனாக நிற்கும். அதை அமுக்கிச் சுருட்டினால் ஷீட். கழுவாத ஒரு துண்டு உள்ளே போயிருந்தால் போதும், பலூன் படக்கென்று வெடித்து, சூடான பாலித்தீன் அங்கன இங்கன தொங்கும். பிறகு எல்லாவற்றையும் வழித்தெடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான் கத்துவேன். "சவத்த நிறுத்துலே!" என்று நான் போடுகிற சத்தம் ரோட்டில் போகிற பஸ்ஸுக்குக் கேட்கும் என்று பிரிக்கிற பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

பிரிக்கிற பெண்கள் நான்கு பேர். அவர்களில் மூத்தவளை நான் அக்கா என்பேன். அவள் என்னை அண்ணாச்சி என்பாள். யாருக்கு யார் மூத்தவர் என்று நாங்கள் இரண்டு பேருமே யோசித்ததில்லை. கவரைக் கையில் கசக்கி, அந்தச் சரசரப்பை வைத்தே எது உருகிச் சேரும், எது சேராது என்று சொல்லிவிடுவாள். அவள் தள்ளின கவரை நான் மறுபடி எடுத்துப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் கார் பருவ நெல் சாகுபடிக்கு அக்காவும் அவள் வீட்டுக்காரரும் முதல்முறையாகச் சொந்தப் பொறுப்பில் வயல் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். வயல்காரர் பாளையங்கோட்டையில் இருக்கிற ரிட்டயர்டு அதிகாரி. இந்த ஒரு பூவில், ஒரு போகத்தில், நெல் பழுதில்லாமல் கொள்முதல் நிலையத்தில் ஏறினால் வயல் உங்களுக்கே, இல்லாவிட்டால் ஆளை மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். இதை அக்கா என்னிடம் ஒரு நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். கவர் பிரிக்கும்போது சொல்வாள், சோறு தின்னும்போது சொல்வாள். "ஏறிரும்லா அண்ணாச்சி?" என்பாள். "ஏறும் ஏறும், சோலியப் பாருங்க" என்பேன். உள்ளுக்குள் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அறுப்பு முடிந்து நெல் கொள்முதல் நிலையத்து வெளியில் குவிந்தது. முறை வர நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா வந்து ஒரு ஷீட் கேட்டாள். மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கின புது ரோலில் தாராளமாக வெட்டிக் கொடுத்தேன். அதைத் தடவிப் பார்த்து, "நம்ம கையால பிரிச்ச ஷீட்டு, நம்ம நெல்லுக்கே ஆச்சு" என்றாள். மற்ற மூன்று பெண்களும் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார்கள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலையில் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஷீட்டு ஒழுகுது."

"என் ஷீட்டு ஒழுகாது. ஒங்க வீட்டுக்காரர் எங்கனயாவது கம்பியில மாட்டிக் கிழிச்சிருப்பாரு."

"கிழியல அண்ணாச்சி. ஒழுகுது."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே போனேன் என்பதை இப்போது சொல்லத்தான் வேண்டும். அவர் அதிகம் பேசாத மனிதர். மழை வெறித்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஷீட்டின் ஒரு ஓரத்தைத் தூக்கி, "உள்ள வந்து பாருங்க அண்ணாச்சி" என்றார்.

குனிந்து உள்ளே போனேன். தலைக்கு மேல் முழுக்க ஊசிக் குத்துக் குத்தாக வெளிச்சம். என் வீட்டு மாவுச் சல்லடை தோற்றுப்போகும். ஒரு கிழிசல் கிடையாது, எல்லாம் பொடிப்பொடி ஓட்டை. நெல்லுக்குள் கையை விட்டேன். கதகதவென்று இருந்தது. கையை எடுத்தபோது உள்ளங்கையில் ஒட்டியிருந்த நெல்மணிகளில் வெள்ளையாக முளை.

வெளியே வந்ததும் அவர், "மூடாம விட்டிருந்தா வெயிலு கண்டதும் காஞ்சிருக்கும். மூடுனதுல வெந்துட்டு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். அந்த வசதியைக்கூட அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

பட்டறைக்கு வந்து, உருகினதை வடிகட்டுகிற கம்பிச் சல்லடையைக் கழற்றச் சொன்னேன். நல்ல சல்லடை பூரா கறுப்பாக இருக்கும். இது ஓரத்தில் சிவப்படித்துக் கிடந்தது. சுரண்டி மூக்கில் வைத்தேன். கருகின வாடைக்கு நடுவே கோயில் வாசம். குங்குமம், திருநீறு, கற்பூரம். தடித்தது சல்லடையில் நின்றிருக்கிறது, அதனால் பலூன் வெடிக்கவில்லை; நைசானது உள்ளே போய் ஷீட் முழுக்க ஓட்டை போட்டிருக்கிறது. சரஸ்வதி பூசை முடிந்த வாரம் அது. கடைகளிலிருந்து வந்த சாக்கில் பாதி பூசைச் சாமான் கவர்தான்.

நான்கு பெண்களையும் கூப்பிட்டேன். அக்காவும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள்.

"இந்தக் கவரெல்லாம் கழுவுனியளா, இல்லையா?"

ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். கடைசியில் அக்காதான் சொன்னாள்: "சாமி படம் போட்ட கவர நாங்க தொட்டிக்குள்ள போடுறதில்ல அண்ணாச்சி. சீலையால தொடச்சிட்டு, நேரா வெட்டுற மெஷின்ல போட்டுருவோம்."

எங்கள் கழுவுகிற தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே தொட்டி. கறிக்கடைக் கவர், மீன் கவர், புளித்த பால் கவர் எல்லாம் அதில்தான் ஊறும். கற்பூரக் கவரில் முருகன், திருநீற்றுக் கவரில் சிவலிங்கம், விளக்கெண்ணெய்க் கவரில் மகாலட்சுமி என்று இந்த ஊரில் சாமி படம் இல்லாமல் எந்தக் கவர் அச்சாகிறது? முருகனைக் கொண்டுபோய் மீன் தண்ணீரில் முக்க இவர்களுக்கு மனம் வரவில்லை. மெஷினுக்குள் போட்டுத் துண்டு துண்டாக வெட்ட மட்டும் வந்திருக்கிறது.

"கூறு இருக்கா ஒங்களுக்கு? எந்தக் கூறுகெட்டவன் இப்படிச் செய்யச் சொன்னான்?" என்று கத்தினேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான் அண்ணாச்சி சொன்னிய."

நான்தான். அவள் சொன்னதும் அப்படியே கண் முன்னால் வந்தது. பட்டறை தொடங்கின அன்றைக்கு, பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, புது வேட்டியில் நின்றுகொண்டிருந்தேன். தொட்டியில் ஒரு மீன் கவருக்குப் பக்கத்தில் முருகன் மிதந்தார். பதறிப்போய்க் கையை விட்டு எடுத்து, வேட்டியில் துடைத்து, கண்ணில் ஒற்றி, "சாமி படத்த மட்டும் இந்தத் தண்ணியில போட்டுராதிய, பாவம் சும்மா விடாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அப்படியானால் எதில் கழுவ வேண்டும் என்று சொன்னேனா? அதுதான் இல்லை. பெரிய பக்திமான் மாதிரி திரும்பிப் போய்விட்டேன். அவர்கள் என் சொல்லைத் தட்டாமல் இத்தனை வருஷமும் துடைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறார்கள். சாக்கில் ஒன்றிரண்டு வந்தவரை தெரியவில்லை. இந்த வருஷம்தான் பூசைச் சாமான் கடைகளிலும் சாக்கு எடுக்க ஆரம்பித்திருந்தேன்; பூசை மாதத்தில் சாக்கு சாக்காக வந்தபோது தெரிந்துவிட்டது.

"அப்பம் நம்ம நெல்ல நாமளே கெடுத்துக்கிட்டோம்" என்றாள் அக்கா. என்னிடம் சொல்லவில்லை, தன் கையைப் பார்த்துச் சொன்னாள்.

கொள்முதல் நிலையத்தில் அந்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். ரோட்டில் காயப்போட்டதில் பாதி கோழித் தீவனத்துக்குப் போனது. நான் பாளையங்கோட்டைக்குப் போய் வயல்காரரைப் பார்த்தேன். தவறு அவர்கள் பேரில் இல்லை, என் ஷீட்டில்தான், குத்தகை ஆளை மாற்ற வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். எனக்கு அப்படி நிற்கத் தெரியாது. ஆனாலும் நின்றேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஓட்டைன்னு நீரே ஒத்துக்கிடுதீரு. சரி. விரிக்கதுக்கு முந்தி ஒரு மட்டம் வெயில்ல தூக்கிப் பாத்திருக்கலாம்லா வே? அவனும் பாக்கல, நீரும் பாக்கல" என்றார். வேறு ஒருவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்றாம். இப்போது ஒவ்வொரு ரோலையும் நான் வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். அந்த மனிதர் சொல்லி நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததே என்ற எரிச்சல் இன்னும் போகவில்லை.

திரும்புகிற வழியில் வண்ணார்பேட்டையில் இறங்கி, பெரிய மஞ்சள் தொட்டி ஒன்று வாங்கினேன். கடையில் நுழைந்து எடுத்துக்கொண்டு வர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தாள். வயல் போய்விட்டது என்று அவளுக்கு முந்தின நாளே தெரிந்திருந்தது. நான் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி அவள் முன்னால் வைத்தேன்.

"அக்கா, சாமி கவரெல்லாம் இனிமே இதுல தனியா கழுவுங்க. கறிக்கடைக் கவரு இதுக்குள்ள வரக் கூடாது. கழுவுன தண்ணிய வேப்பமரத்து மூட்டுல ஊத்திருங்க. யார் காலும் படாது."

அவள் தொட்டியின் விளிம்பை விரலால் சுண்டிப் பார்த்தாள். எதையும் அப்படித்தான் பார்ப்பாள்.

"நல்ல தொட்டிதான்" என்றாள். "இத அறுப்புக்கு முந்தி வாங்கியிருக்கலாம்லா அண்ணாச்சி."

சொல்லிவிட்டு, சாக்கிலிருந்து ஒரு கற்பூரக் கவரை எடுத்துக் கண்ணில் ஒற்றி, அந்தத் தண்ணீரில் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள்.