விழித்துக்கொண்ட அலுமினியம்

கெய்ரோவின் குப்பைக்காரர் குடியிருப்பில் தெமியானா பேரைச் சொன்னால், "ஐயோ, அந்த வாயா? ஆளை விடுங்க" என்பார்கள். ஆனால் பழைய உலோகம் பிரிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நீர்த்த அமிலம் ஊற்றிய தட்டில் ஒரு துண்டைப் போடுவாள். துத்தநாகம் சட்டென்று நுரைக்கும், இரும்பு சோம்பலாகக் குமிழி விடும், செம்பு அசையவே அசையாது. அலுமினியம்தான் திருட்டுப் பயல்! முதலில் செத்ததுபோல் கிடக்கும். மேல்தோல் கரைந்ததோ இல்லையோ, வெறிகொண்டு கொதிக்கும்.

கணவன் பிஷாரா இறந்த பிறகு பட்டறையை அவளே நடத்தினாள். கொழுந்தன் வஹ்பாவுக்குப் பொறுக்கவில்லை. வேலையாட்கள் எதிரிலேயே அறைந்து அவள் பல்லை உடைத்தான். அவளும் சும்மா இருந்தாளா? தட்டை வீசி அவன் நெற்றியைப் பிளந்தாள். இவன் ஒழிந்தால் பட்டறையும் மிஞ்சும், தன் இரண்டு மகள்களும் பிழைப்பார்கள் என்று ஊரறியச் சொல்வாள்.

அன்று 'அபூனா' என்று எல்லோரும் அழைக்கும் பாதிரியார் வீடுவீடாக வந்து ஆசீர்வதிக்கும் நாள். தெருவையே கழுவிவிட்டிருந்தார்கள். வஹ்பா பழைய ஏ.சி. தகடுகளை அமிலம் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாயில் கொட்டியிருந்தான். அலுமினியம் கரைந்தால் செம்பு மிஞ்சும். நெடி வெளியே வராமலிருக்க மூடியை இரும்பு வளையம் போட்டு இறுக்கி, அதன் மேலேயே உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எந்திரிடா! உள்ள அலுமினியம் கெடக்கு!"

"பத்து நிமிஷமா பாத்தேன், அண்ணி. ஒரு குமிழி இல்ல. அபூனா வர்ற நேரத்துல தெறந்து வெச்சு மானத்த வாங்கவா?"

"அது தூங்குதுடா பாவி! முழிச்சா நீ காலி!"

"வாய மூடுடி!" உட்கார்ந்தபடியே அவள் வயிற்றில் எட்டி உதைத்தான்.

சுருண்டு விழுந்தவள் காதில் பீப்பாயின் இரைச்சல் கேட்டது. பீப்பாய் வயிறு உப்பிக்கொண்டு வந்தது. வாசல் இரண்டடிதான். பேசாமல் வெளியே போனால் போதும். போகத்தான் நினைத்தாள், அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை.

ஆனால் கை இரும்புக் குழாயை எடுத்தது. ஓங்கி அவன் தோளில் ஒரே அடி. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அலறி விழுந்தவனைத் தலைமுடியைப் பிடித்துச் சுவருக்குப் பின்னால் இழுத்தாள். ஒற்றைக் கையால் அவன் அவள் கழுத்தை நெரித்தான். அந்த நொடியில் பீப்பாய் வெடித்தது. மூடி தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு பறந்தது. கீழே கிடந்த சிகரெட்டில் வாயு பற்றித் தீ சீறியது. அமிலம் சுவரைத் தாண்டித் தெறித்து அவள் முதுகு வெந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட தோளோடு வஹ்பா கேட்டான். "கொல்லத்தான பாத்த? அப்புறம் எதுக்கு இழுத்துட்டுப் போன?"

குப்புறக் கிடந்த தெமியானா பல்லைக் கடித்தாள்.

"நீ செத்தா எனக்கு நிம்மதிடா, நாயே. ஆனா உனக்கு எம்புருஷன் மூஞ்சி. அத ரெண்டாந்தடவ மண்ணுல வெக்க எனக்குத் தெம்பில்ல."